அரத்திலிருந்து ஒரு சவரக்கத்தி: சில வருடம் மழித்த பிறகு

என்னிடம் கையால் செய்த மடக்குச் சவரக்கத்திகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று லாரியின் ஸ்பிரிங் பட்டையில் செய்தது, இன்னொன்று தேய்ந்துபோன பழைய அரத்தில். இரண்டும் கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக் கொல்லுப்பட்டறை ஒன்றில் உருவானவை. இன்று தினமும் முகத்தில் ஓடுவது அரத்துக் கத்திதான். பட்டைக் கத்தி தபாலில் வரும் கவர் பிரிக்கிறது, சணல் கயிறு அறுக்கிறது. அதற்கு அதுவே அதிகம்.

பட்டை எஃகில் கார்பன் 0.5, 0.6 சதவீதம்தான். லாரிச் சுமைக்கு வளைந்து நிமிர வேண்டியது அதன் வேலை. அரிவாளுக்கு அருமையான இரும்பு. ஆனால் சவரக்கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, அவ்வளவு மெலிதாக இறங்கும்போது அந்த இரும்பு தாக்குப்பிடிப்பதில்லை. முதல் மழிப்பு சுமாராக இருக்கும், இரண்டாவதில் முடியைப் பிடித்து இழுக்கும். நல்ல அரத்தில் கார்பன் ஒரு சதவீதத்துக்கு மேல். லேத் பட்டறைகளில் தூக்கிப்போட வைத்திருக்கும் பழைய அரமாகக் கேட்டு வாங்குங்கள். இப்போது மலிவாக வருபவற்றில் சில மேல்தோல் மட்டும் கடினமானவை, உள்ளே வெறும் மெல்லிரும்பு. கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல எஃகு என்றால் பொறி கிளைகிளையாக, நெருக்கமாக வெடித்துச் சிதறும். மெல்லிரும்பில் நீளநீளமான கோடுகள்தான் வரும்.

புதிதாக இறங்குபவர்கள் எஃகைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் அதைவிட முக்கியம் முதுகின் கனம். மற்ற கத்திகளைப் போல இதைக் கையால் சாய்த்துப் பிடித்துத் தீட்ட முடியாது. முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படிந்தபடி ஓடும். ஆக, கோணத்தைத் தீர்மானிப்பது உங்கள் கை இல்லை, முதுகின் கனமும் அலகின் அகலமும்தான். 20 மில்லி அகலத்துக்கு 5.5 மில்லி முதுகு இருந்தால் 16 டிகிரிக்குச் சற்றுக் கீழே வரும். இதுதான் வேண்டியது. முதுகு 4 மில்லி என்றால் பதினொன்றரை டிகிரி, வாய் பொடிந்து உதிரும். 7 மில்லி என்றால் 20 டிகிரி, எவ்வளவு தீட்டினாலும் கன்னத்தில் வழுக்காது. இந்தக் கணக்கைச் சாக்பீஸால் சுவரில் எழுதி வைத்துவிட்டு இரும்பைத் தொடுங்கள். நான் எடுத்த அரம் ஆறு மில்லி சொச்சம். பல்லைத் தேய்த்து எடுத்ததும் சரியாக வந்து நின்றது. பட்டையோ எட்டு மில்லிக்கு மேல், தேய்த்தே கை போய்விடும். அரத்தின் பற்களை அடிவரை எடுத்துவிட வேண்டும். ஒரு பல்லின் பள்ளம் மிச்சம் இருந்தாலும் பதம் போடும்போது, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கும்போது, அங்கிருந்து விரிசல் கிளம்பும்.

அரத்தை அரத்தால் ராவ முடியாது, முதலில் அதை இளக்க வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி: உமிச்சாம்பல். எந்த ரைஸ் மில்லில் கேட்டாலும் மூட்டை கட்டிக் கொடுப்பார்கள். சிவக்கக் காய்ச்சிய அரத்தைச் சாம்பலுக்குள் ஆழமாகப் புதைத்துவிட்டால் சூடு மெதுவாக, மிக மெதுவாக இறங்கும். சாயங்காலம் புதைத்தது மறுநாள் காலையில் வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குப் பிறகு ரம்பத்துக்கும் ராவலுக்கும் பணிந்தது.

பட்டறை அண்ணனுக்கு இதெல்லாம் வேடிக்கை. "பொட்டிக்கடையில சரம் சரமா பிளேடு தொங்குது. இதுக்குப் போயி ஏன் தம்பி கரியை வீணாக்குறே?" என்றார். அறுப்பு மெஷின் வந்த பிறகு கருக்கரிவாளுக்கு ஆள் வருவது குறைந்து, மண்வெட்டியும் தேங்காய் உரிக்கிற பாரையும்தான் அவருக்குப் பிழைப்பு. ஆனாலும் உலையில் இரும்பின் நிறத்தைப் பார்த்துச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எஃகு ஏறக்குறைய 770 டிகிரியில் காந்தத்தில் ஒட்டாமல் போய்விடும். அதைவிடக் கொஞ்சம் மேலே போனதும் எடுத்துத் தோய்க்க வேண்டும். நான் காந்தத்தை வைத்துக்கொண்டு நிற்க, அவர் "இப்ப எடு" என்பார். காந்தமும் அதையேதான் சொல்லும். வெயிலில் நிறம் ஏமாற்றும் என்பதால் பொழுது சாய்ந்த பிறகே இந்த வேலை.

தண்ணீரா எண்ணெயா என்பதில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம். அரிவாளைத் தண்ணீரில் தோய்த்தே பழகியவர் அவர். இவ்வளவு மெலிதான அலகு தண்ணீரில் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு பிளந்துவிடலாம். பலகாரம் சுட்ட பழைய எண்ணெயை ஐம்பது, அறுபது டிகிரிக்குச் சூடாக்கி, அலகை நேராக இறக்கினோம். பக்கவாட்டில் ஆட்டினால் கோணிக்கொள்ளும். வாயை இந்தக் கட்டத்தில் ஒரு மில்லி கனமாவது விட்டுவைக்க வேண்டும், மெலிப்பதெல்லாம் பிறகுதான். தோய்த்ததன் மேல் ஒரு புது அரத்தை ஓட்டிப் பார்த்தால் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போனது. அந்த நிலையில் கீழே விழுந்தால் இரண்டாக உடையும் என்பதால் அன்றைக்கே வீட்டு ஓடிஜி அவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவைத்து மறுபடி ஒரு மணி நேரம். வெளிறிய வைக்கோல் நிறம் வந்தால் சரி. வீட்டில் இரண்டு நாள் எண்ணெய் நாற்றம் அடித்தது தனிக்கதை.

பதம் போட்ட பிறகு தேய்க்கும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்க வேண்டும். விரலில் சூடு தெரிந்தால் நிறுத்துங்கள். வாயில் நீலம் ஏறிவிட்டால் அந்த இடம் இளகிப்போயிற்று என்று அர்த்தம்.

பிடிக்குப் பலாமரம். தஞ்சாவூர் வீணைக்கு ஆகிற அதே மரம், கனமில்லை, வருடம் போகப் போக மஞ்சள் பழுத்துப் பழுப்பாகிறது. அலகைப் பிடியோடு சேர்க்கும் ஆணிக்கு நாச்சியார்கோவிலில் வாங்கின பித்தளைக் கம்பி. குத்துவிளக்கு ஊருக்குப் போய் ஒரு சாண் கம்பி கேட்டதற்குக் கடைக்காரர் பார்த்த பார்வை இருக்கிறதே!

இனி தீட்டும் கல். கிரிட் எண் கூடக் கூடக் கல் நைசாகும். 1000 கிரிட்டில் சரிவு (வாயை ஒட்டிச் சாய்வாகத் தேயும் பட்டை) உருவாக வேண்டும், இரண்டு பக்கச் சரிவும் நுனியில் ஒரே கோடாகச் சந்திக்க வேண்டும். அதைச் சந்திக்க வைக்காமல் 8000, 12000 என்று மேலே போவதில் பயனே இல்லை. பாதிப் பேர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்துவிட்டு நாலு இழுப்பு இழுங்கள். மை எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே கல் தொடவில்லை. கண்ணுக்கு நகைக்கடை லூப் (சின்ன பூதக்கண்ணாடி) ஒன்று போதும். கல்லின் மேல் தண்ணீரைக் கவனிப்பதும் நல்ல வழி: வாய்க்கு முன்னால் மெல்லிய வரப்பாகத் தள்ளப்பட்டுப் போகும் நீர், வாய் கல்லோடு சரியாகப் படிந்த இடங்களில் அலகின் மேலேறும். ஏறாத இடத்தில் நீர் அடியில் புகுந்து போகிறது. என் கத்தியில் குதிகால் பக்கம், அதாவது பிடியை ஒட்டிய முனையில், அப்படி இருந்தது, நேர் இழுப்பை விட்டுச் சாய்வாக இழுத்துத்தான் சரிசெய்தேன். முதுகில் ஒரு அடுக்கு எலக்ட்ரிகல் டேப் ஒட்டிக்கொண்டால் தாறுமாறாக முதுகு தேயாது. கல்லும் சமமாக இருக்க வேண்டும். பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடி மேல் வைத்த நீர்த்தாளில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) கட்டம் அழியும் வரை தேய்ப்பது என் வழக்கம்.

கல்லுக்குப் பிறகு வாயைத் தோல்வாரில் இழுக்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் சலூன் வைத்திருந்த பெரியவர். பிளேடைப் பாதியாக உடைத்துச் சொருகும் கத்தி சலூன்களுக்கு வருவதற்கு முன்னால் தொழில் பழகியவர். கல்லில் வாய் முன்னால், வாரில் முதுகு முன்னால். திருப்பும்போது முதுகின் மேல் உருள வேண்டும். "வாரை இறுக்கிப் பிடிங்க, தொய்ஞ்சா வாயி மழுங்கிரும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். துணி வாரில் இருபது முப்பது, தோல் வாரில் ஐம்பது அறுபது இழுப்பு, ஒவ்வொரு மழிப்புக்கும் முன்னால். இதைத் தவறாமல் செய்தால் ஓரிரு மாதம் கல் பக்கமே போக வேண்டாம். முடி இழுக்க ஆரம்பித்தால் 12000 கல்லில் கொஞ்சம், திரும்ப வார். 1000 கல்லுக்கு அந்தக் கத்தி அதன்பிறகு போகவே இல்லை.

நீண்ட நாள் பயன்பாட்டில் தலைவலி என்றால் துரு. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்படி என்று தெரியுமே. அலகைத் துடைத்துவிடுகிறோம், ஆணி சுற்றி உள்ளே ஈரம் நின்றுவிடுகிறது. முதல் மழைக்காலத்திலேயே அங்கே புள்ளி விழுந்தது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். மார்கழிக் காலையில் உறைந்து வெள்ளையாக நிற்கிறது, சில மாதத்தில் பிசுபிசுப்பு வேறு. தையல் மெஷின் எண்ணெய்க்கு மாறிய பின் பிரச்சினை இல்லை. கத்தியைக் குளியலறையில் வைப்பதில்லை.

மழிப்பு எப்படி? கன்னமும் கழுத்தும் கார்ட்ரிட்ஜ் ரேசரைவிட நன்றாக வருகிறது, தாடைமுனையும் மேலுதடும் இன்னும் நிதானம் கேட்கின்றன. அவசரமாகக் கிளம்பும் நாளில் இதைத் தொடுவதில்லை. ஒருவர் கத்தியை இன்னொருவர் முகத்தில் போடவும் கூடாது, ரத்தத்தில் பரவும் நோய்களுக்காகத்தான் சலூன்களே பிளேடுக்கு மாறின.

காசு மிச்சமாகும் என்று யாரும் இதில் இறங்க வேண்டாம். அரம் சும்மா கிடைத்தது, கரிக்கும் கூலிக்கும் கொடுத்தது சொற்பம். கற்களுக்குக் கொடுத்ததில் கத்திக்குப் பேர்போன ஜெர்மனி ஊரான சோலிங்கனில் செய்த பழைய சவரக்கத்தி ஒன்று வாங்கி இன்னும் மிச்சம் பார்த்திருக்கலாம். மழிக்க மட்டும் வேண்டுமென்றால் அதையே வாங்குங்கள், தீட்ட மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். செய்துதான் பார்ப்பேன் என்பவர்களுக்கு ஒன்று: கடலோரப் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, நுரை சரியில்லாமல் எந்தக் கத்தியும் வழுக்காது. குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துக் குழைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் கத்தியைக் குறை சொல்லுங்கள்.