பிரைஸா, சேலா? டொம்ப்ரௌஸ்கியின் இரண்டு பேரங்கள்

பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் பேஸ்பால் பிரிவுக்குத் தலைமை வகித்த டேவ் டொம்ப்ரௌஸ்கி, 2015 டிசம்பரில் பந்துவீச்சாளர் டேவிட் பிரைஸை 7 ஆண்டுகளுக்கு 217 மில்லியன் டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்தார். அடுத்த டிசம்பரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியிடமிருந்து இன்னொரு பந்துவீச்சாளர் கிறிஸ் சேலைப் பெற்றார். விலை: மொன்காடா, கோபெக் உட்பட நான்கு இளம் வீரர்கள்.

பிரைஸுக்குப் பணம் மட்டுமே போனது. ஆனால் ஆண்டுக்குச் சராசரியாக 31 மில்லியன்! 2017இல் முழங்கை வலியால் பாதிக்கு மேல் ஆடவில்லை. 2018 வேர்ல்டு சீரிஸில் (கோப்பைக்கான இறுதித் தொடர்) இரண்டு ஆட்டங்களை வென்று கொடுத்தார் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் 2020இல் அவரை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு அனுப்பியபோது, மீதிச் சம்பளத்தில் பாதியை பாஸ்டனே சுமந்தது.

சேலின் கதை வேறு. 2017இல் அவர் சம்பளம் 12 மில்லியன்தான். எடுத்த ஸ்டிரைக்-அவுட்கள் (மூன்று ஸ்டிரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது) 308. அமெரிக்கன் லீக்கில் (பேஸ்பாலின் இரு பெரும் லீக்குகளில் ஒன்று) 1999இல் பெட்ரோ மார்ட்டினெஸுக்குப் பிறகு ஒரே பருவத்தில் 300ஐ எட்டிய முதல் பந்துவீச்சாளர் அவர்தான். 2018 கோப்பையை உறுதிசெய்த கடைசிப் பந்தை வீசியவரும் அவரே. மொன்காடா 2019இல் நன்றாக அடித்தார், உண்மை; கோபெக்கை அறுவைச் சிகிச்சை முடக்கியது. இந்தப் பேரத்தில் பாஸ்டனுக்கே லாபம் என்பேன்.

2019 மார்ச்சில் சேலுக்குக் கொடுத்த 145 மில்லியன் ஒப்பந்த நீட்டிப்பை இதில் சேர்க்கக் கூடாது. மறு ஆண்டே முழங்கை அறுவை. அந்தப் பிழை தனிக் கணக்கு.