ஆர் மென்பொருளின் எல்எம் கட்டளை: விசைப்படகு மீன்வரத்துக் கணக்கில் நீண்டநாள் பயன்பாடு

மண்டபம், பாம்பன் இறங்குதளங்களில் விசைப்படகுகள் இறக்கும் மீனின் எடையை நேரியல் மாதிரியில் (பல காரணிகளின் விளைவுகளைக் கூட்டி எடையைக் கணிக்கும் சமன்பாட்டில்) பொருத்திப் பார்ப்பதற்கு, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் எல்எம் (lm) கட்டளையைப் பல பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அது இலவசம், வேகமானது என்பதெல்லாம் தெரிந்த செய்தி. எந்த விளக்க மாறிகளைக் (காற்று, படகின் நீளம் போன்ற காரணிகளை) கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் கெழுக்கள் (ஒரு மாறி ஓர் அலகு கூடினால் எடை எவ்வளவு மாறும் என்று காட்டும் எண்கள்) எவ்வளவு மாறுகின்றன என்பதே இங்கே பேச வேண்டியது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து படகுகள் கடலில் இறங்கும் நாட்கள், மேல்திசையிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் விழுகின்றன. ஓய்ந்திருந்த கடலில் முதல் சில நாட்கள் வலை கனக்கும். ‘தடை முடிந்து எத்தனை நாள்’ என்ற மாறியை விட்டுவிட்டுக் காற்றின் திசையை மட்டும் கொடுத்தால், தடைக்காலம் தந்த மீனும் கச்சானின் கணக்கில் ஏறிவிடும். விடுபட்ட மாறி எடையின் மீது செலுத்தும் விளைவையும், அது சேர்க்கப்பட்ட மாறியோடு கொண்டுள்ள தொடர்பின் கெழுவையும் பெருக்கினால் வருவதே இந்தப் பிசகின் அளவு. இரண்டில் ஒன்று சுழியமாக இருந்தால் பிசகு இல்லை. ஆகவே விடுபட்ட மாறி ஒவ்வொன்றுக்காகவும் கவலைப்பட வேண்டியதில்லை.

படகின் நீளமும் இயந்திரத்தின் குதிரைத்திறனும் வேறு வகைச் சிக்கல். பெரிய படகுக்குப் பெரிய இயந்திரம் என்பதால் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. இவ்விரண்டு மாறிகள் மட்டும் உள்ள மாதிரியில் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து நகரும் அளவு; முழுமையானால் 1) 0.9 என்றால், ஒட்டுறவே இல்லாத நிலையைவிடக் கெழுவின் மாறுபாடு (மதிப்பீடு சிதறும் அளவு) ஏறத்தாழ 5.3 மடங்காகவும், அதன் வர்க்கமூலமான திட்டப்பிழை 2.3 மடங்காகவும் பெருகும். மொத்த மணி, பயண மணி, வலை இழுத்த மணி மூன்றையும் கொடுத்தால், முதலாவது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாகவே இருக்கும் நிலையில், கட்டளை ஒரு கெழுவைக் கணக்கிடாமலே விட்டுவிடுகிறது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

டீசல் செலவைச் சேர்ப்பதா என்பது கேள்வியைப் பொறுத்தது. குதிரைத்திறனின் முழு விளைவை அறிய வேண்டுமென்றால் சேர்க்கக்கூடாது; ஏனெனில் அந்த விளைவின் ஒரு பங்கு டீசல் வழியாகவே நடக்கிறது. வரத்தை முன்கணிப்பது மட்டுமே நோக்கமென்றால் தாராளமாகச் சேர்க்கலாம். மென்பொருள் இந்த வேறுபாட்டை அறியாது. மாறிகளைத் தானே கழிக்கும் ஸ்டெப் கட்டளையும் அகைக்கே அளவுகோலை (மாதிரியின் பொருத்தத்தையும் மாறிகளின் எண்ணிக்கையையும் சேர்த்து எடைபோடும் எண்ணை) வைத்துத்தான் முடிவெடுக்கிறது. அப்படித் தேர்ந்தபின் அச்சாகும் பி-மதிப்புகள் (விளைவே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய கெழு தற்செயலாக வரும் வாய்ப்புகள்) உள்ளதைவிட நம்பிக்கையூட்டுவதாக இருக்கும் என்பதால் அதை நான் பயன்படுத்துவதில்லை.

பெரிய குறை ஒன்று. ஏதேனும் ஒரு மாறியின் மதிப்பு பதிவாகாத தரவு வரிசைகளைக் கட்டளை நீக்கிவிடுகிறது. எத்தனை நீங்கின என்பது சுருக்க அறிக்கையின் அடியில் ஒரு வரியாக மட்டும் வரும். டீசல் கணக்கு எழுதாத படகுகள் இப்படி வெளியேறினால், கெழு மாறியது புதிய மாறியாலா, படகுகள் குறைந்ததாலா என்று பிரித்தறிய முடியாது. ஆதலால் எல்லா மாறிகளும் நிரம்பிய வரிசைகளை முதலில் தனியே எடுத்து, ஒப்பிடும் மாதிரிகள் அனைத்தையும் அவற்றின்மீதே ஓட்டுகிறேன்.