யுரேனியம்–கார்பன் பல்பிணைப்பு: உறைந்த ஆர்கானா, கூண்டா, பாஸ்பரஸ் துணையா?

யுரேனியம் போன்ற ஆக்டினைடு உலோகத்துக்கும் கார்பனுக்கும் இடையே இரட்டை அல்லது முப்பிணைப்பை உருவாக்க விரும்புவோர் முன் முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன. என் ஆய்வுக்கு நான் பாஸ்பரஸ் துணையுடைய கார்பீன்களை, அதாவது பாஸ்பரஸ் அணுவால் நிலைப்படுத்தப்பட்டு உலோகத்துடன் பல்பிணைப்பில் சேரும் கார்பன் தொகுதிகளை, தேர்ந்துகொண்டேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

லேசரால் ஆவியாக்கிய யுரேனிய அணுக்களை ஃபுளோரோஃபார்ம் (CHF₃) வாயுவுடன் சேர்த்துக் கடுங்குளிரில் உறைந்த ஆர்கானில் சிறைப்படுத்துவது முதல் வழி. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் ஆண்ட்ரூஸ் குழுவினர் 2007இல் இப்படித்தான் யுரேனியம்–கார்பன் முப்பிணைப்பை அகச்சிவப்பு நிறமாலையில் அடையாளம் கண்டனர். இரண்டாவது வழியில், எண்பது கார்பன் அணுக்களாலான ஃபுல்லரீன் கூண்டுக்குள் இரண்டு யுரேனிய அணுக்கள் ஒரு கார்பனை இருபுறமும் இரட்டைப் பிணைப்பால் பற்றி நிற்கின்றன. 2018இல் வெளியான இச்சேர்மத்தில் பிணைப்பு நீளம் சுமார் 2.03 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) மட்டுமே. இந்தக் கூண்டுகளைத் தயாரிக்கும் வில்சுடர் உலையை நான் இயக்கியதில்லை. எனினும் புகைக்கரியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தால் மிஞ்சுவது மிகச் சொற்பம் என்பது வெளியான செய்முறைகளிலிருந்தே தெரிகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது, கிடைத்த பொருளை அடுத்து என்ன செய்ய முடியும் என்பதுதான். ஆர்கான் உருகினால் மூலக்கூறும் போய்விடும்; கூண்டுக்குள் இருப்பதை வேறொரு வினைபொருள் எட்டித் தொட முடியாது. ஹவாயில் கில்ஜே, கிராமர் ஆகியோர் 1981இல் இலைடு (பாஸ்பரஸை ஒட்டிய கார்பனில் எதிர்மின் சுமை கொண்ட சேர்மம்) கொண்டு தொடங்கிவைத்த மூன்றாவது வழியிலோ, யுரேனியம் டெட்ராகுளோரைடை பாஸ்பரஸ் தாங்கிய டைலித்தியம் மீத்தேன்டைஐடு உப்புடன் காற்று புகாத கிளவ் பாக்ஸுக்குள் வினைபுரியச் செய்தால், படிகமாக்கி எக்ஸ்-கதிரில் அளந்துவிட்டு மீதியைக் குப்பியில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சேர்மம் கிடைக்கிறது. அதனுடன் பென்சோஃபீனோன் என்ற கீட்டோனைச் சேர்த்தால் கார்பீன் கார்பன் ஆல்கீனாக வெளியேறுவதையும், தக்க ஆக்சிஜனேற்றியைச் சேர்த்தால் அதே ஈனியை (உலோகத்தைப் பற்றியிருக்கும் தொகுதியை) தாங்கியபடி உலோகத்தின் ஆக்சிஜனேற்ற எண் நான்கிலிருந்து ஐந்து, ஆறு என ஏறுவதையும் பார்க்கலாம். (ஈரமோ காற்றோ துளி நுழைந்தாலும் எல்லாம் பாழாகும், கிளவ் பாக்ஸைப் பேணுவதே தனி உத்தியோகம்.)

இதற்கு ஒரு விலை உண்டு. கார்பன் மீதுள்ள எதிர்மின் சுமையில் ஒரு பங்கைப் பாஸ்பரஸ் ஈர்த்துக்கொள்வதால், 1981ஆம் ஆண்டின் சேர்மத்தில் பிணைப்பு 2.29 ஆங்ஸ்ட்ராம் வரை நீண்டிருக்கிறது. இதை முழு இரட்டைப் பிணைப்பு என்று எழுத எனக்கே தயக்கம் உண்டு. வினைகளைவிட, யுரேனியத்தின் 5எஃப் ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் உறையும் பகுதிகள்) கார்பனுடன் எவ்வளவு கலக்கின்றன என்பதே உங்கள் கேள்வியானால், உறைந்த ஆர்கானின் பக்கம் போவதே முறை.