எல்இடி லாந்தருக்கு எந்த டிரைவர்: 7135, 4115, 3608 ஓர் ஒப்பீடு

பழைய எமர்ஜென்சி லைட்டையோ சிஎஃப்எல் போட்ட சோலார் லாந்தரையோ எல்இடிக்கு மாற்றுவது பெரிய வேலை இல்லை. மாற்றிய பிறகு பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் டிரைவரில், அதாவது பேட்டரியிலிருந்து எல்இடிக்குச் சரியான கரண்டை மட்டும் விடும் சுற்றில், இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவிலானாலும் ஆன்லைனிலானாலும் "97 சதவீதம் எஃபிஷியன்சி" (திறன், அதாவது பேட்டரி தரும் சக்தியில் எல்இடிக்குப் போய்ச் சேரும் பங்கு) என்று சொல்லித்தான் விற்பார்கள். எத்தனை வோல்ட் உள்ளே போகும்போது, எத்தனை எல்இடியைத் தொடரில் வைத்து எடுத்த கணக்கு என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அது தெரியாமல் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. முதலில் பேட்டரி, அடுத்து எல்இடியை எத்தனை தொடராக அடுக்குவது, கடைசியில் டிரைவர் என்ற வரிசையில் முடிவெடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

வெள்ளை எல்இடி ஒன்றுக்கு 2.8 முதல் 3.1 வோல்ட் வரை தேவை. கரண்டைக் குறைத்தால் இந்த வோல்ட்டும் இறங்கும், ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சமும் கூடும். அதனால் 60 மில்லி ஆம்பியர் தாங்கும் 2835 (2.8 × 3.5 மி.மீ. அளவு) எல்இடியை 30-இல் ஓட்டுவதே லாந்தருக்கு நல்லது. எல்இடி விலை சொற்பம், எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம்.

முதலில் ஏஎம்சி7135. மூன்று காலும் ஒரு பட்டையும் கொண்ட சின்ன சிப். 350 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது. காயில் கிடையாது, டையோடு கிடையாது. லீனியர் வகை என்பதால் மிஞ்சும் வோல்ட்டைச் சூடாக்கிக் கழித்துவிடும். இதனாலேயே பலர் இதை ஒதுக்குகிறார்கள். 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லில் இது என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டால் அப்படி ஒதுக்க மனம் வராது. அந்த செல் தன் சார்ஜின் பெரும்பகுதியை 3.2-3.3 வோல்ட்டிலேயே தள்ளிவிடும். 12 எல்இடியை இணையாகப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 29 மில்லி ஆம்பியர், வோல்ட் 2.85 அளவில் நிற்கும். 2.85-ஐ 3.25-ஆல் வகுத்தால் திறன் கிட்டத்தட்ட 88 சதவீதம் வருகிறது. கரண்டை வேகமாக விட்டுவிட்டுச் செலுத்தி வோல்ட்டை மாற்றும் மலிவான ஸ்விட்சிங் போர்டு இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் இதைத் தாண்டுவது கடினம். சிப்புக்குத் தேவைப்படும் இடைவெளி 0.12 வோல்ட்தான் என்பதால் செல் ஏறக்குறைய காலியாகும் வரை வெளிச்சம் மாறாது. 6 ஆம்பியர்-ஹவர் 32700 செல் (32 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீள உருளை) ஒன்று, சிப் ஒன்று: 17 மணி நேரம்.

இணைப்பில் ஒரு விஷயம் பலருக்குக் குழப்பம். பேட்டரியின் பிளஸ் நேராக எல்இடியின் பிளஸுக்குப் போகும். எல்இடியின் மைனஸ்தான் சிப்பின் அவுட் காலுக்கு வரும். சிப் தனக்கான மின்சாரத்தை எடுக்கும் விடிடி காலுக்குத் தேவை 200 மைக்ரோ ஆம்பியர் அளவுதான், எனவே அந்தக் காலில் ஒரு சின்ன ஸ்லைடு ஸ்விட்ச் வைத்தாலே விளக்கு அணையும். இரண்டு சிப்பை இணையாக வைத்து ஒன்றுக்கு மட்டும் அப்படி ஸ்விட்ச் கொடுத்தால் குறை வெளிச்சம், முழு வெளிச்சம் இரண்டும் கிடைத்துவிடும், வேகமாக அணைத்து அணைத்து வெளிச்சத்தைக் குறைக்கும் பிடபிள்யூஎம் முறையின் நடுக்கமே இருக்காது. டார்ச்சுக்கென்று வரும் வட்டப் போர்டுகளில் மின்னும் மோடு, எஸ்ஓஎஸ் மோடு எல்லாம் இருக்கும். லாந்தருக்கு அவை தொல்லை, வெறும் சிப்பாக வாங்குவதே மேல். போலாரிட்டி (பிளஸ், மைனஸ்) மாறினால் சிப் அப்போதே போய்விடும். உச்ச அளவு 7 வோல்ட் என்பதால், சார்ஜ் ஏறும்போது 7.2 வரை போகும் 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியோடு இதைச் சேர்க்கவே கூடாது. 4 வோல்ட் லெட் ஆசிட்டில் பிழைத்துக்கொள்ளும், ஆனால் திறன் 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

அடுத்து வோல்ட்டை இறக்கித் தரும் ஸ்விட்சிங் வகை பிடி4115. இது இருக்க வேண்டிய இடம் 12 வோல்ட் லாந்தர். 7 வாட் சிஎஃப்எல், 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, 10 வாட் பேனல் என்று மானியத்தில் வந்த சோலார் லாந்தர்கள் இன்னும் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான சிப்பைத் தேட வேண்டியதில்லை. மூன்று எல்இடி தொடர், அதாவது 9 வோல்ட். பேட்டரி 10.5-க்கு இறங்கினாலும் சிப்புக்குப் போதிய இடைவெளி இருக்கும். நான்கு தொடராக்கினால் 12 வோல்ட் ஆகி, முதல் மணி நேரத்திலேயே வெளிச்சம் மங்கத் தொடங்கும். கரண்டைத் தீர்மானிப்பது ஒரே ரெசிஸ்டர்: 0.1-ஐ ஓம் மதிப்பால் வகுத்தால் ஆம்பியர். 0.33 ஓம் போட்டால் 300 மில்லி ஆம்பியர், 2.7 வாட். நல்ல எல்இடியாக இருந்தால் பழைய 7 வாட் சிஎஃப்எல் தந்த வெளிச்சம் இதிலேயே வந்துவிடும். சூரியப் பேனலின் திறந்த சுற்று வோல்ட் 21 அளவு, சிப் தாங்குவது 30. பேட்டரி வயர் கழன்று பேனல் நேராகச் சேர்ந்தாலும் பயமில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது, எம்ஆர்16 (சின்ன 12 வோல்ட் ஸ்பாட்லைட்) பல்புக்கென்று செய்த போர்டு. அதன் வாசலில் ஏசியை டிசியாக்கும் நான்கு டையோடு பிரிட்ஜ் இருக்கும். 12 வோல்ட்டில் 1.4 வோல்ட் அங்கேயே போய்விடும், கிட்டத்தட்ட 12 சதவீதம். டிசி போர்டு கிடைக்காவிட்டால் பிரிட்ஜைக் கழற்றி நேராக வயர் கொடுங்கள். காயிலோடு சேர்ந்து வேலை செய்யும் டையோடு எரிந்தால் எஸ்எஸ்14 போன்ற வேகமான ஷாட்கி வகைதான் போட வேண்டும். கையில் இருக்கிறதே என்று 1என்4007 போட்டால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் சூடேறிச் சாகும்.

6 வோல்ட் 4.5 ஆம்பியர்-ஹவர் பேட்டரிதான் தலைவலி. இரண்டு எல்இடி தொடரில் போட்டால் 5.8 வோல்ட், பேட்டரியோ 6.4-இலிருந்து 5.25 வரை இறங்கும். நடுவழியில் ஒன்றையொன்று கடந்துவிடும். 4115-க்கு குறைந்தது 6 வோல்ட் வேண்டும் என்பதால் அதுவும் ஆகாது. ஏற்றித் தரும் எம்டி3608-தான் வழி. நான்கு தொடர், 12 வோல்ட், 250 மில்லி ஆம்பியர். ஆனால் கடையில் கிடைக்கும் போர்டு நிலையான வோல்ட் தருவது, எல்இடிக்கு வேண்டியது நிலையான கரண்ட். போர்டில் உள்ள பொட்டையும் (திருகி வோல்ட்டை மாற்றும் ரெசிஸ்டர்), சிப் அவுட்புட்டைக் கவனிக்கும் எஃப்பி (ஃபீட்பேக்) காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரையும் கழற்றுங்கள். எல்இடி மைனஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 2.4 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் வையுங்கள். அதன் மேல்முனையிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக எஃப்பி காலுக்கு வயர். எஃப்பி 0.6 வோல்ட்டில் நிற்கும், அதை 2.4-ஆல் வகுத்தால் 250 மில்லி ஆம்பியர். அவுட்புட் பிளஸிலிருந்து எஃப்பிக்கு, 15 வோல்ட்டைத் தாண்டினால் கரண்டை விடும் ஜீனர் டையோடு ஒன்று கட்டாயம், அதன் கோடு போட்ட முனை (கேத்தோடு) பிளஸ் பக்கம். எல்இடி வயர் ஒன்று விட்டுப்போனால் ஜீனர் இல்லாத போர்டு 28 வோல்ட்டைத் தாண்டி ஏறி சிப்பைக் கொன்றுவிடும். ரெசிஸ்டரில் போகும் 0.6 வோல்ட்டையும் சேர்த்தால் மொத்தத் திறன் 85 சதவீதத்தை ஒட்டி வரும். 6 மணி நேரம் எதிர்பார்க்கலாம்.

இதன் பெரிய குறை வேறு. பேட்டரி இறங்க இறங்க இது கூடுதல் கரண்டை இழுக்கும். வெளிச்சம் குறையவே குறையாது, 2 வோல்ட் வரை விடாமல் உறிஞ்சும். லெட் ஆசிட் பேட்டரி நான்கைந்து முறை அப்படிக் காலியானால் கதை முடிந்தது. 5.25 வோல்ட்டில் வெட்டும் கட்-ஆஃப் இல்லாமல் இந்த போர்டைப் போடாதீர்கள். இன்னொன்று: இது 1.2 மெகா ஹெர்ட்ஸில் துடிக்கிறது. மீடியம் வேவ் ரேடியோவில் அது நடுப்பகுதி. புயல் நேரத்தில் லாந்தர் பக்கத்திலேயே ரேடியோ வைத்து வானிலைச் செய்தி கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வோல்ட்டை இறக்கித் தரும் எல்எம்2596 போர்டு எங்கும் கிடைக்கிறது, லாந்தருக்கு வேண்டாம். உள்ளே இருப்பது பழைய பைபோலார் டிரான்சிஸ்டர் ஸ்விட்ச், ஒரு வோல்ட்டை விழுங்கும். சும்மா இருக்கவே 5 மில்லி ஆம்பியர் கேட்கும்.

எந்த போர்டானாலும் அளந்து பாருங்கள். எல்இடி வோல்ட் பெருக்கல் கரண்டை, பேட்டரி வோல்ட் பெருக்கல் கரண்டால் வகுத்தால் போதும். மல்டிமீட்டரை நேராக ஆம்பியரில் வைத்தால் அதன் ஃப்யூஸும் வயரும் சேர்ந்து வோல்ட்டைக் குறைத்துவிடும். 3 வோல்ட் சுற்றில் அது பெரிய பிழை. 0.1 ஓம் ஒரு சதவீத ரெசிஸ்டரைத் தொடரில் வைத்து அதன் குறுக்கே மில்லி வோல்ட் பாருங்கள்: 35 காட்டினால் 350 மில்லி ஆம்பியர்.

6 வோல்ட் பேட்டரி ஏற்கெனவே செத்திருந்தால் 3608-ஐத் தொடவே வேண்டாம். அந்த இடத்தில் இரண்டு 32700 செல்லை இணையாக வைத்து 7135-க்கு மாறுங்கள். பழைய சார்ஜரையும் மாற்றியாக வேண்டும். பெட்டி பெட்டியாகக் கிடைக்கும் டிபி4056 சார்ஜர் போர்டு 4.2 வோல்ட் வரை ஏற்றும், இந்த செல்லுக்கு அது ஆபத்து. 3.6 வோல்ட்டுக்கு அமைக்கக்கூடிய டிபி5000 போர்டு, கூடவே 3.2 வோல்ட் செல்லுக்கான பாதுகாப்பு போர்டு ஒன்று என்று கேட்டு வாங்குங்கள்.