மூன்று ஆட்டங்களில் எதை முதலில் பார்ப்பது? ஜப்பான் பெண்கள் ரெஸ்லிங் பற்றி ஓர் அலசல்

டபிள்யூ.டபிள்யூ.இ. பார்ப்பவர்களுக்கு இயோ ஸ்கை, கைரி இருவரையும் தெரிந்திருக்கும். இருவரும் அமெரிக்கா போவதற்கு முன் ஸ்டார்டம் என்ற ஜப்பானியக் கம்பெனியில் ஆடியவர்கள். அங்கே பெண்கள் மட்டுமே ஆடும் ரெஸ்லிங்குக்கு ‘ஜோஷி’ என்று பெயர். அவர்களைப் பார்த்துவிட்டு ஜோஷி பக்கம் எட்டிப் பார்க்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “ஒரே ஒரு மேட்ச் சொல்லு, அதைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுகிறேன்.”

ஒரே ஒரு மேட்ச் சொல்வது கஷ்டம். கடந்த சில வருடங்களில் வந்தவற்றில் மூன்றை மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். 2021இல் உதாமி ஹயாஷிஷிதாவும் ஷுரியும் மோதியது, 2023இல் மிசுகியும் யுகா சகசாகியும் மோதியது, 2025இல் சாயா கமிதானியும் தாம் நகானோவும் மோதியது. மூன்றும் மூன்று ருசி. இதில் எது சிறந்தது என்பதும் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதும் வேறு வேறு கேள்விகள். என் பதிலும் இரண்டுக்கும் வேறு வேறுதான்.

அதற்கு முன், எல்லாரும் கேட்கும் அந்தக் கேள்வி. ஜெயிப்பது யார் என்று முன்பே பேசி வைத்ததுதானே? ஆமாம். துரியோதனன் படுகளத்தில் சாவான் என்று தெரிந்தேதான் விடிய விடிய கூத்துப் பார்க்கிறோம். எப்படி விழப் போகிறான் என்பதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஜோஷியும் அப்படித்தான்.

சரி, முதலில் உதாமி–ஷுரி. 2021 ஜூன் 12, டோக்கியோவின் ஓட்டா நகர உடற்பயிற்சி அரங்கம். பந்தயத்தில் இருந்தது ஸ்டார்டமின் உச்சப் பட்டமான சிவப்பு பெல்ட். உதாமி 2018இல்தான் அறிமுகமானவர், ஜூடோ பழகிய உடம்பு. எதிராளியைத் தூக்கிப் பின்பக்கமாக வளைத்து வீசும் ஜெர்மன் சூப்ளெக்ஸை அவர் போட்டால் ரிங்கே அதிரும். ஷுரி அதற்கு நேர் எதிர். கராத்தே, கிக்பாக்ஸிங், கலப்புத் தற்காப்புக் கலை என்று நிஜச் சண்டையில் இருந்தவர், அமெரிக்காவின் பெரிய கலப்புத் தற்காப்புச் சண்டைப் போட்டியான யு.எஃப்.சி.யில்கூட ஆடியவர். அவர் உதையை நெஞ்சில் வாங்கும்போது வரும் சத்தம் ஹெட்போனில் கேட்டால் நமக்கே வலிக்கும்.

ஆட்ட நேரம் 30 நிமிடம். அது தீர்ந்தும் யாரும் விழவில்லை. இருவரும் விடாமல் கேட்டதால் ஆட்டம் நீட்டிக்கப்பட்டது. நாற்பது நிமிடத்தையும் தாண்டி, இருவருமே எழ முடியாமல் கிடக்க, ரெஃப்ரி எண்ணி முடித்தார். இரட்டை நாக் அவுட், பெல்ட் உதாமியிடமே இருந்தது. கொரோனா காலம் என்பதால் அப்போது அரங்கில் கத்தக் கூடாது, கைதட்டலாம், அவ்வளவுதான். இந்த ஆட்டத்துக்கு அந்த மௌனம் ஒரு பலம் என்பது என் எண்ணம். அடியின் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும் அப்படியே கேட்கும், அப்புறம் கைதட்டல் மழை மாதிரி ஏறும்.

இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ஆட்டம் இதுதான் என்று சொல்லும் ரசிகர்கள் நிறைய. உழைப்பிலும் நுட்பத்திலும் மற்ற இரண்டும் இதற்குக் கீழேதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இதற்கு நான் முதலிடம் தரமாட்டேன். நீட்டித்த பகுதியில் ஒருவர் விழுந்தே ஆக வேண்டும் என்று மனது தயாராகிவிடுகிறது. அந்த நேரத்தில் முடிவே இல்லாமல் முடிகிறது. முடிவு கிடைத்தது அதே வருடம் டிசம்பர் 29 அன்று, ரியோகோகு சுமோ அரங்கில். ஷுரி ஜெயித்து சிவப்பு பெல்ட்டை வாங்கினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுசாகிறது.

மிசுகி–யுகா ஆட்டம் முற்றிலும் வேறு வீடு. டோக்கியோ ஜோஷி என்ற கம்பெனி, 2013இல் தொடங்கியது, டி.டி.டி. என்ற ஆண்கள் கம்பெனியின் தங்கை என்று சொல்லலாம். அங்கே பாட்டு உண்டு, வண்ண வண்ண ஆடை உண்டு, சிரிக்க வைக்கும் ஆட்டங்களும் நிறைய. அதைப் பார்த்துவிட்டு “இது குழந்தைகளுக்கானது” என்று ஒதுக்கிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு முதலீடு மாதிரி சேர்ந்துகொண்டே வரும், பெரிய ஆட்டத்தன்று மொத்தமாகத் திரும்பிக் கிடைக்கும்.

2023 மார்ச் 18, அரியாகே கொலீசியம். சாம்பியன் யுகா, சவால் விட்டவர் மிசுகி. இருவரும் எதிரிகள் இல்லை. ‘மேஜிக்கல் சுகர் ராபிட்ஸ்’ என்ற பெயரில் வருடக்கணக்காக ஜோடியாக ஆடியவர்கள், ஜோடிப் பட்டத்தையும் சேர்ந்து வென்றவர்கள். யுகா அந்தக் கம்பெனி தொடங்கிய வருடத்திலிருந்தே இருப்பவர். மிசுகி 2012இல் வேறு ஒரு கம்பெனியில் ஆடத் தொடங்கி அப்புறம் இங்கே வந்தவர், சின்ன உருவம், மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து குதித்து இரண்டு காலாலும் வயிற்றில் மிதிப்பது அவருடைய ஆயுதம். தோழியின் வயிற்றில் அந்த மிதியை மிதிக்க வேண்டும். கோபத்தில் அடிப்பது சுலபம், இங்கே கோபமே கிடையாது. யுகா விட்டுக்கொடுக்காமல் அடிக்கிறார், ஏனென்றால் விட்டுக்கொடுத்தால் அது மிசுகிக்கு அவமானம். மிசுகி ஜெயித்தார். ப்ரின்சஸ் ஆஃப் ப்ரின்சஸ் பட்டம் அவர் கைக்கு வந்தது அன்றுதான் முதல் முறை.

மற்ற இரண்டு ஆட்டங்களில் தோற்றவர் முகத்தில் தோல்வி தெரியும். இதில் யுகா முகத்தில் தெரிவதற்குப் பெயர் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அக்கா தங்கை உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் புரியும்.

இப்போது கமிதானி–தாம். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும்.

தாம் நகானோ சின்னச் சின்ன மேடைகளில் ஆடிப் பாடிய ஐடல். 2016இல் ரெஸ்லிங்குக்கு வந்து, அடுத்த வருடம் ஸ்டார்டமில் சேர்ந்தார். ஸ்டார்டமுக்காக அவர் ஓர் ஐடல் குழுவைத் தயாரித்தபோது அதற்கு வந்த நடனக்காரப் பெண்தான் சாயா கமிதானி. 2019இல் ரெஸ்லராக அறிமுகமானார். அதாவது கமிதானியை இந்த உலகத்துக்குள் கூட்டி வந்ததே தாம். அந்தக் கமிதானி 2021 டிசம்பர் 29 அன்று தாமை ஜெயித்து, ஸ்டார்டமின் இன்னொரு பெரிய பட்டமான வெள்ளை பெல்ட்டை எடுத்தார், 15 முறை அதைக் காப்பாற்றினார். 2023 ஏப்ரல் 23, யோகோஹாமா அரினாவில் அதை இழந்தார். அதே இரவு, அதே ரிங்கில், தாம் அப்போதைய சாம்பியன் ஜூலியாவைத் தோற்கடித்து சிவப்பு பெல்ட்டை எடுத்தார்.

2024இல் கமிதானி கெட்டவர்கள் பக்கம் போனார். வெள்ளையும் பொன்னுமாகப் பறந்துகொண்டிருந்தவர் கறுப்பு உடைக்கு மாறினார். அந்த வருடம் டிசம்பர் 29இல் தாமிடமிருந்து சிவப்பு பெல்ட்டைப் பறித்தார். 2025 மார்ச் 3இல் கொராகுவென் ஹாலில், தோற்பவர் ஸ்டார்டமை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆட்டம். தாம் தோற்றார். மார்ச் 3 ஜப்பானில் பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருநாள். நான்கு வருடத்துக்கு முன், 2021இல் அதே நாளில், புடோகான் அரங்கில் தோற்பவர் தலையை மழிக்க வேண்டும் என்ற ஆட்டத்தில் தாம் ஜூலியாவை ஜெயித்திருந்தார். ரிங்கிலேயே ஜூலியாவின் முடி விழுந்தது. தாமின் உச்சமும் சரிவும் ஒரே தேதியில் வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

கடைசி ஆட்டம் 2025 ஏப்ரல் 27, மறுபடி யோகோஹாமா அரினா. இந்த முறை தோற்பவர் ரெஸ்லிங்கையே விட வேண்டும், அது இருவருக்கும் பொருந்தும். கமிதானி ஜெயித்தார், தாம் அன்றோடு ஓய்வு பெற்றார்.

ஆட்டமாக மட்டும் பார்த்தால் உதாமி–ஷுரி அளவுக்குக் கச்சிதம் இதில் இல்லை. ஆனால் கச்சிதமாக இருந்தால் கெட்டுப்போயிருக்கும். ஒவ்வொரு முறை தோள் தரையில் பட்டு ரெஃப்ரி ஒன்று, இரண்டு என்று எண்ணும்போதும் ஆட்டத்தை முடிக்கும் அந்த மூன்று விழக் கூடாது என்று அரங்கமே கெஞ்சுகிறது. வழக்கமான ஆட்டத்தில் இரண்டே முக்காலில் எழுந்தால் ஆர்ப்பரிப்பார்கள், இங்கே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். இன்னொரு நிமிடம் அவர் ரெஸ்லர், அவ்வளவுதான். வில்லியாக நடிக்கும் கமிதானிக்கும் வேலை லேசானது இல்லை. தன்னை வளர்த்தவரின் கடைசி ஆட்டத்தை முடித்து வைப்பவராகவும் இருக்க வேண்டும், வெறுக்கத்தக்கவராகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே உடம்பில் சுமந்தார். அந்த வருடம் டோக்கியோ ஸ்போர்ட்ஸ் பத்திரிகையின் மிகச் சிறந்த ரெஸ்லர் விருது அவருக்குப் போனது. ஆண்களையும் சேர்த்துத் தரும் அந்த விருதை ஒரு பெண் வாங்கியது அதுதான் முதல் முறை.

இந்த வகைப் பந்தயம் புதிது இல்லை. 1979இல், பாட்டும் ரெஸ்லிங்குமாக நாட்டையே கலக்கிய ‘பியூட்டி பேர்’ ஜோடி இதே நிபந்தனையோடு புடோகானில் ஒருவரை ஒருவர் சந்தித்தது. ஜாக்கி சாத்தோ ஜெயிக்க, மாக்கி உவேடா விலகினார். தாமின் ஆட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 29 அன்று, செண்டாய் கேர்ல்ஸ் கம்பெனியின் மேய்கோ சதோமுராவும் ஓய்வு பெற்றார். 1995இல் தொடங்கியவர், 30 வருடம் ஆடி, முன்கூட்டியே அறிவித்து விடைபெற்றார். மனநிறைவான விடைபெறல் அது. தாமுடையது பாதியில் அறுந்தது, அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். 2024 ஜூலை 13, ரியோகோகுவில் ஜூலியாவும் சரீயும் மோதியது. ஸ்டார்டமைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரோஸி ஒகாவா அங்கிருந்து பிரிந்து தொடங்கிய மேரிகோல்டு என்ற கம்பெனியின் முதல் பெரிய ஆட்டம். சரீ ஜெயித்தார். அடிதடி பிரமாதம், குறையே சொல்ல முடியாது. ஆனால் கம்பெனிக்கு வயது இரண்டு மாதம், பட்டம் அன்றுதான் பிறக்கிறது. இழப்பதற்கு யாரிடமும் எதுவும் சேர்ந்திருக்கவில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

என் வரிசை இது. ஒரே ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது, ஜோஷி பற்றி எதுவுமே தெரியாது என்றால் உதாமி–ஷுரி பாருங்கள். யார் எவர் என்று தெரிய வேண்டியதில்லை, மொழி வேண்டாம், அடியே பேசும். அது பிடித்திருந்தால் மிசுகி–யுகா. ஆனால் அதற்கு முன் அவர்கள் ஜோடியாக ஆடிய இரண்டு மூன்று ஆட்டங்களையாவது பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதிதான் கிடைக்கும். இதை ரெஸில் யூனிவர்ஸ் தளத்திலும், ஸ்டார்டம் ஆட்டங்களை ஸ்டார்டம் வேர்ல்டிலும் சந்தா கட்டிப் பார்க்கலாம்.

மூன்றில் சிறந்தது என்று நான் சொல்வது கமிதானி–தாம். அதனாலேயே அதைக் கடைசியாக வையுங்கள். எடுத்தவுடன் 2025 ஏப்ரல் ஆட்டத்தைப் போட்டால் இரண்டு பெண்கள் அழுதுகொண்டே அடித்துக்கொள்வது மாதிரிதான் தெரியும். என் நண்பர் ஒருவர் அப்படிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருந்தது, ஆனால் எதுக்கு இவ்வளவு அழுகை?” என்றார். அவரை உட்கார வைத்து 2021 டிசம்பர் ஆட்டத்திலிருந்து வரிசையாகக் காட்டினேன். 2025 மார்ச் 3 ஆட்டம் முடிந்ததும் ஏப்ரலை அவரே போட்டார். அந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை.