மணிமேடை பக்கம் டாலர் மாற்றப் போகிறவர்களுக்கு

அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த நோட்டுகளில் 2 டாலர் ஒன்றும் பழைய 20 டாலர் ஒன்றும் இருந்ததால், நாகர்கோவிலில் ஓர் இடத்தில் கள்ளநோட்டோ என்று சந்தேகப்பட்டுத் திருப்பிவிட்டார்கள். மணிமேடை பக்கத்து மாடிக் கடை அக்கா அப்படி இல்லை. 1861 முதல் அமெரிக்க அரசு வெளியிட்ட நோட்டுகள் இன்றும் செல்லும், 2 டாலரும் செல்லும் என்று பொறுமையாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்; 2016-இல் 500, 1000 நோட்டோடு வரிசையில் நின்ற நமக்கு இது பெரிய ஆச்சரியம்தான்! டாலர் நோட்டில் 75% பருத்தி, 25% லினன், அதனால் வேட்டி மாதிரி துவைத்தாலும் தாங்கும். ரேட்டை முதலிலேயே எழுதிக் காட்டினார், பில்லும் தந்தார். சில்லறை மட்டும் எடுப்பதில்லை. சரி, ஒரு சென்ட் காசு அடிக்க 3 சென்டுக்கு மேல் செலவாகிறது என்று 2025-இல் அந்த நாடே புழக்கத்துக்கு அடிப்பதை நிறுத்திவிட்டதே! பாஸ்போர்ட் நகல் எடுத்துப் போங்கள், மாடிப்படி செங்குத்து.