டாக்கர் எக்ஸெக்: சீசனில் சர்வர் பார்ப்பவர்கள் கையில் இருக்க வேண்டியது (5-க்கு 4 ஸ்டார்)

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் எடைமேடை சர்வரை நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஆப்பை அதற்குத் தேவையானவற்றோடு கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருள்தான் டாக்கர். ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குள் அப்படியே நுழைந்து பார்க்க அதன் எக்ஸெக் (docker exec) கட்டளைதான் சரியான கருவி. 2014-ல் டாக்கர் 1.3 பதிப்போடு வந்தது. கன்டெய்னருக்குள் தனியாக ஒரு ப்ராசஸைத் தொடங்கும். எக்ஸிட் அடித்தால் அது மட்டும் முடியும், ஆப் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் ஆப்போடு நேரடியாக இணைக்கும் டாக்கர் அட்டாச்சில் இருந்துகொண்டு கன்ட்ரோல்-சி அடித்தால் ஆப்பே நின்றுவிடக்கூடும்.

ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் இமேஜில் (கன்டெய்னரை எழுப்பும் அச்சு) பாஷ் என்ற ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) இருக்காது. "ஃபைல் நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் பாஷுக்குப் பதில் எஸ்ஹெச் (sh) ஷெல்லைக் கொடுங்கள்.

பலரும் கைப்பழக்கத்தில் எக்ஸெக் கட்டளையோடு -ஐ (-i), -டி (-t) இரண்டையும் சேர்த்தே அடிக்கிறார்கள். சிக்கல் அங்கேதான். -ஐ உள்ளீட்டைத் திறந்து வைக்கும். -டி டெர்மினல் தரும். மைஎஸ்கியூஎல்-டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுத்து ஃபைலில் சேமிக்கும்போது -டி போட்டால், எச்சரிக்கை வரிகளும் டம்ப்புக்குள் கலந்துவிடும், வரி முடிவுகளும் மாறிப்போகும். அதே கட்டளையை இரண்டோடும் கிரானில் (குறித்த நேரத்தில் தானாகக் கட்டளை ஓட்டும் கருவி) போட்டால் "இன்புட் டிவைஸ் டிடிஒய் இல்லை", அதாவது டெர்மினல் இல்லை, என்று நின்றுவிடும். ஃபைலை மட்டும் ஷெல் முன்கூட்டியே உருவாக்கியிருக்கும், 0 பைட்டில். அதைப் பார்த்து பேக்கப் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். டம்ப்புக்கு இரண்டுமே வேண்டாம்.

டம்ப்பை டேட்டாபேஸில் திரும்ப ஏற்றும்போது -ஐ மட்டும் போடுங்கள். விட்டுவிட்டால் மைஎஸ்கியூஎல்லுக்கு ஒரு வரிகூடப் போய்ச்சேராது. பிழையும் காட்டாமல் கட்டளை முடிந்துவிடும். ஒரு ஸ்டார் குறைத்தது இதற்காகவே. ஏற்றியதும் டேபிளில் எத்தனை வரிசைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

பைப் (|), இரட்டை ஆம்பர்சேண்ட் (&&), டாலர் வேரியபிள் ($) எல்லாவற்றையும் கன்டெய்னருக்கு வெளியே இருக்கும் ஷெல்லே எடுத்துக்கொண்டுவிடும். உள்ளே ஓட வேண்டுமென்றால் எஸ்ஹெச் -சி கொடுத்து, முழுக் கட்டளையையும் ஒற்றை மேற்கோளில் அடையுங்கள்.

அவசரத்துக்கு உள்ளே கர்ல் (இணைய முகவரிகளைச் சோதிக்க உதவும் கருவி) நிறுவலாம், தப்பில்லை. கன்டெய்னரை அழித்துப் புதிதாக எழுப்பினால் அது போய்விடும். நிரந்தரமாக வேண்டியதை இமேஜைக் கட்டும் டாக்கர்ஃபைலில் எழுதுங்கள்.

டாக்கர் கட்டளை ஒவ்வொரு முறையும் சூடோ (ரூட் அனுமதி) கேட்கிறதே என்று ஆலை ஊழியர்களை டாக்கர் குழுவில் சேர்க்காதீர்கள். அந்தக் குழுவில் இருப்பவர் கையில் சர்வரின் ரூட் (முழு) அதிகாரமே இருக்கிறது.